ஒரு டோக்கனுக்கு ஒரு வருத்தம்

கண்ணாடி ஆஸ்பத்திரியில் ஒரு டோக்கனுக்கு ஒரு வருத்தம்தான். இரண்டு வருத்தம் இருந்தால் இரண்டு டோக்கன் எடுக்க வேண்டும். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. வாசலில் மூன்று மொழிகளிலும் எழுதிப் பளிச்சென்று மாட்டியிருந்தார்கள்.

அந்த ஆஸ்பத்திரிக்கு நீளமான ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. ஆனால் வெள்ளவத்தையில் ஓட்டோ பிடித்து "கண்ணாடி ஆஸ்பத்திரி" என்றால் போதும். ஏழு மாடியும் நீலக் கண்ணாடி. வெளியே நின்று பார்த்தால் கடல் தெரியும், காகம் தெரியும், நம்முடைய முகமும் தெரியும். உள்ளே என்ன நடக்கிறது என்பது மட்டும் தெரியாது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மிதுனா தன் அம்மா உஷாந்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அதன் வாசலில் இறங்கினாள். மிதுனாவுக்குப் பதினாறு வயது. ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுபோகிற வேலையை அதுவரை அவள் செய்ததில்லை. அப்பா வவுனியாவில் வங்கி வேலையில் இருந்தார். ஓட்டோவுக்குள் இருந்தபடி அவருக்குப் போன் எடுத்தபோது, "கண்ணாடி ஆஸ்பத்திரிதானே, பிறகென்ன? நல்ல இடம். அவங்கள் சொல்லுறதை அப்பிடியே செய்யுங்கோ. நான் பஸ் எடுக்கிறன்" என்றார்.

ஆறு மாதமாக அம்மாவுக்குக் கேஸ்ரிக். கேஸ்ரிக் என்று சொன்னது அம்மாதான். எண்ணெயில் பொரித்த ரோல்ஸ் சாப்பிட்டால் வலப்பக்க விலாவுக்குக் கீழே பிடித்து இழுக்கும், நோ தோள்மூட்டு வரைக்கும் ஏறும். அம்மா பார்மசியில் வெள்ளைக் குளிசை வாங்கிப் போடுவாள், நோ அடங்கும், அடுத்த கிழமை மறுபடியும் ரோல்ஸ். புதன்கிழமை உடம்பெல்லாம் கடிக்குது என்று சொறிந்தாள். வியாழக்கிழமை சிறுநீர் பால் விடாத பிளேன்ரீ நிறத்தில் போனது. வெள்ளிக்கிழமை பின்னேரம், கொழும்பு வெக்கையில், இரண்டு போர்வைக்குள்ளே பல்லுக் கிட்டிப்போய் நடுங்கினாள். சனி விடியப் பார்த்தால் கண்ணின் வெள்ளை, வெள்ளையாக இல்லை.

"சஹ்லா, எனக்குப் பயமா இருக்கடி. அம்மான்ர கண் மஞ்சளாக் கிடக்கு. ஆருக்கும் சொல்லாதை" என்று மிதுனா தன் பள்ளித் தோழிக்கு வொட்ஸ்அப்பில் குரல் அனுப்பினாள். ஏன் யாருக்கும் சொல்லக்கூடாது என்று அவளுக்கே தெரியவில்லை.

அவசரப் பிரிவின் கதவில் அழகான எழுத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது: "அவசர சிகிச்சை ஒத்திகை காரணமாக, அவசர சிகிச்சைப் பிரிவு இன்று மூடப்பட்டுள்ளது. பொதுமக்கள் அவசரப்படாமல் ஒத்துழைக்கவும்."

"பொட்டக் இன்ன நங்கி" என்று காவலாளி சிங்களத்தில், கையைக் காட்டி, அவளைப் பொறுக்கச் சொன்னான். பிறகு தள்ளுவண்டிக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, டோக்கன் மேசையைக் காட்டினான். அன்றைய நாள் முழுவதிலும் அந்த ஆஸ்பத்திரிக்காரரிடம் கேளாமல் கிடைத்த உதவி அது ஒன்றுதான்.

டோக்கன் மேசையில் தர்ஷன் என்று நெஞ்சில் பெயர் குத்திய இளைஞன் இருந்தான். அவன் பதவி விருந்தினர் உறவு அலுவலர். கண்ணாடி ஆஸ்பத்திரியில் நோயாளி என்று யாரும் இல்லை. எல்லாரும் விருந்தினர்.

"சொல்லுங்கோ தங்கச்சி, அம்மாவுக்கு என்ன வருத்தம்?"

"காய்ச்சல், நடுங்குது. இந்த இடத்தில நோ. கண்ணும் மஞ்சள்."

தர்ஷனின் விரல் விசைப்பலகைக்கு மேலே நின்றது. "ஒண்டு சொல்லுங்கோ."

"மூண்டும்தான்."

"மூண்டும் இருக்கலாம். சிஸ்டத்தில ஒரு பெட்டிதான் இருக்கு."

"மூண்டும் ஒண்டா வந்தது, அண்ணா."

"அதை நான் மறுக்கேல்லையே. ஒண்டா வந்தாலும் தனித்தனியாத்தான் போகவேணும்." அவன் கோபிக்கவில்லை. கண்ணாடி ஆஸ்பத்திரியில் யாரும் கோபிப்பதில்லை, அதற்கென்று பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். மூன்று டோக்கன் அச்சடித்துக் கொடுத்தான். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே வரி இருந்தது: "வேறு வருத்தங்கள்: இல்லை."

காய்ச்சல் டோக்கன் முதலாம் மாடி. அங்கே டொக்டர் இல்லை. டொக்டர்மார் எல்லாரும் கீழே மண்டபத்தில் ஒரு விழாவுக்குப் போயிருந்தார்கள். முன்மருத்துவ ஆலோசகர் என்று ஒருவர் இருந்தார்.

"எத்தினை நாள் காய்ச்சல்?"

"நேற்றுப் பின்னேரம் துவங்கினது."

"அப்ப இது இன்னும் காய்ச்சல் ஆகேல்லை. மூண்டு நாள் முடியட்டும், டெங்கு பாப்பம்." அவர் முத்திரை குத்தினார். மிதுனா அம்மாவின் கண்ணைக் காட்டினாள். அவர் தன் கண்ணை மரியாதையாக வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "கண் நாலாம் மாடி."

நாலாம் மாடியில் அம்மாவைச் சுவருக்கு எதிரே இருத்தி எழுத்து வாசிக்கச் சொன்னார்கள். நடுங்கிக்கொண்டே அம்மா கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். காப்புறுதிக் கொம்பனியில் இருபது வருடமாகச் சின்ன எழுத்து வாசிக்கிறவள் அவள்.

"பார்வை முதல்தரம்" என்றாள் அங்கே இருந்த பெண். "பாக்கிற சாமானெல்லாம் மஞ்சளாத் தெரியுதோ அன்ரி?"

"இல்லை."

"அப்ப பிரச்சினை இல்லை. மற்ற ஆக்களுக்கு உங்கட கண் மஞ்சளாத் தெரிஞ்சா, அவைதான் டோக்கன் எடுக்க வேணும்."

வயிற்றுக்கு ஆறாம் மாடி. அங்கிருந்தவர் அம்மா சாப்பிடுவது என்னவென்று கேட்டார். ரோல்ஸ் என்றதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. "கேஸ்ரிக்" என்றார். "இதுக்கு முந்தி என்ன போட்டனீங்கள்?"

"வெள்ளைக் குளிசை" என்றாள் அம்மா.

"நல்லம். அதையே போடுங்கோ."

மூன்று டோக்கனும் முடிந்தபோது மணி பத்தரை. மூன்றிலும் முத்திரை இருந்தது. மூன்று பேரும் தங்கள் தங்கள் பங்கைச் சரியாகச் செய்திருந்தார்கள். லிப்டில் இறங்கும்போது அம்மா மிதுனாவின் கையைப் பிடித்தாள். அந்தக் கை இப்போது கொதிக்கவில்லை. சில்லிட்டு ஈரமாக இருந்தது.

"மிது, இந்த ட்ரெயின் பம்பலப்பிட்டியில நிக்குமோ?"

"என்னம்மா?"

"ஒஃபிசுக்குச் சுணங்குது பிள்ளை."

அம்மா சும்மா பகிடி விடுகிறவள் இல்லை. மிதுனா தொலைபேசியை எடுத்து, "சஹ்லா, அம்மா மாறிக் கதைக்கிறா. நான் என்னடி செய்ய?" என்று சொல்லத் தொடங்கினாள், குரல் உடைந்து நின்றுவிட்டது, அப்படியே அனுப்பினாள். "வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ டி, இப்பவே" என்று பதில் வந்தது.

அதைத்தான் செய்ய நினைத்தாள். கீழே வந்ததும் தர்ஷன் ஓடிவந்து கதிரையின் கைபிடியைப் பிடித்தான்.

"தங்கச்சி, போகாதேங்கோ! நல்ல நேரம் வந்தீங்கள். மண்டபத்தில முன்வரிசை வெறுமையாக் கிடக்கு. பணிப்பாளர் வெறுங் கதிரையைக் கண்டா எங்களைக் கொன்றுபோடுவார்."

"அம்மாவுக்கு டொக்டர் வேணும்."

"டொக்டர்மார் முழுப்பேரும் அங்கதான் இருக்கினம்! வேற எங்க போனாலும் வரிசையில நிக்க வேணும். நிகழ்ச்சி முடிய, ஒரு ஆளை நானே கூட்டிக்கொண்டு வந்து காட்டுறன்."

எல்லா டொக்டர்மாரும் இருக்கிற ஓர் அறை. மிதுனா ஒரு கணம் யோசித்தாள். அந்த ஒரு கணத்தில் தர்ஷன் கதிரையைத் தள்ளிவிட்டிருந்தான்.

மண்டபத்துக்குள் குளிர்சாதனம் எலும்பைப் பிடித்தது. அம்மாவுக்கு மறுபடியும் நடுக்கம் தொடங்கியது. மேடையில் பெரிய துணி கட்டியிருந்தார்கள். அதை வாசித்தபோது மிதுனா தான் பிழையாக வாசிப்பதாக நினைத்தாள். "பித்தக்குழாய்த் தொற்று விழிப்புணர்வு நாள். அறிகுறிகளை அறிவோம், உடனே காண்போம்."

வாசலில் நின்ற பெண் அம்மாவின் சட்டையில் மஞ்சள் நாடா ஒன்றைக் குத்தினாள். முகத்தை உற்றுப் பார்த்தாள். "அடடா, உங்களுக்கும் மேக்கப் போட்டிட்டினமோ? கண்ணுக்குள்ள எப்பிடிப் பூசினவை? சோக்கா இருக்கு!"

பணிப்பாளர் ஸ்ரீஸ்கந்தராசா ஒலிவாங்கியின் முன்னே வந்தார். அவருடைய வெள்ளைக் கோட்டில் மடிப்புக் குலைந்ததே இல்லை, ஏனென்றால் அதைப் போட்டுக்கொண்டு அவர் யாரையும் குனிந்து பார்ப்பதில்லை.

"பெரியோர்களே! பித்தப்பையில் உருவாகும் ஒரு சிறு கல் வழுக்கிப் பித்தக்குழாயில் சிக்குகிறது. பித்தம் தேங்குகிறது. குடலிலிருந்து கிருமி மேலேறுகிறது. நடுக்கத்தோடு காய்ச்சல், வலப்பக்க விலாவின் கீழே நோ, கண்ணில் மஞ்சள். இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு மணித்தியாலம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஆனால் நமது மக்கள் என்ன செய்கிறார்கள்? தாமதிக்கிறார்கள்!"

கைதட்டினார்கள்.

"எங்களிடம் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. காய்ச்சலுக்கு ஒரு மாடி, கண்ணுக்கு ஒரு மாடி, வயிற்றுக்கு ஒரு மாடி. உடலின் எந்தப் பகுதி நோயுற்றாலும் அந்தப் பகுதியை மட்டும் கவனிக்கும் வசதி வேறெங்கும் இல்லை. முழு மனிதரையும் பார்த்துக்கொண்டிருக்க எங்களுக்கு நேரமும் இல்லை!"

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். மிதுனா எழுந்தாள். "சேர், என்ர அம்மா..." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. தர்ஷன் குனிந்து, "கேள்வி நேரம் கடைசியில தங்கச்சி" என்றான்.

மிதுனா கதிரையைத் திருப்பினாள். வெளிக்கதவென்று நினைத்துத் தள்ளிய கதவு மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்குள் திறந்தது. அங்கே ஒரு கட்டிலின் விளிம்பில், ஆஸ்பத்திரி அங்கியோடு, முகமெல்லாம் மஞ்சள் பூசிய ஒரு பெண் இருந்து மீன் அடைத்த மாலுபாண் தின்றுகொண்டிருந்தார்.

"வாங்க மகள், பயப்படாதீங்க. நான் வருத்தக்காரி இல்ல, நடிக்கிறவ" என்றார் வாயைத் துடைத்துக்கொண்டு. "பேர் கொன்ஸ்ரன்ஸ். ஊர் கொட்டாஞ்சேனை. முப்பது வருசமா மாதா கோயில் பாஸ்கா நாடகத்தில நான்தான் அழுறது. இன்னிக்கு இங்க அழக் கூப்பிட்டிருக்காங்க."

அப்போதுதான் அவர் அம்மாவைப் பார்த்தார். பாணைக் கீழே வைத்தார். எழுந்து வந்து அம்மாவின் மணிக்கட்டைத் தொட்டார்.

"குளிரும் காய்ச்சலுமா?"

"ஓம் அன்ரி."

"இந்தப் பக்கம் நோவா? ஒண்ணுக்குப் போறது பிளேன்ரீ மாதிரியா? உடம்பு கடிக்குதா?"

மிதுனா வாயைத் திறந்தபடி தலையாட்டினாள். காலையிலிருந்து யாருமே கேளாத கேள்விகளை இந்தப் பெண் ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். "அன்ரி, நீங்கள் நேர்ஸோ?"

"நேர்ஸா? நான் தையல்காரி. இதெல்லாம் எனக்குத் தந்த பேப்பர்ல இருக்கு. மூணு நாளா பாடமாக்கினேனே." கொன்ஸ்ரன்ஸ் மடித்த தாள்களை எடுத்து விரித்தார். "முதல் காட்சி: காய்ச்சல், நோ, மஞ்சள். ரெண்டாம் காட்சி: கை சில்லிடும், பிரஷர் விழும், ஆள் மாறிக் கதைக்கும்." அவர் குனிந்தார். "அக்கா, இது எந்த இடம்னு சொல்லுங்க பாப்பம்."

அம்மா மண்டபத்தின் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டாள். "வெள்ளவத்தை ஸ்டேஷன்" என்றாள் மெதுவாக. "நீங்களும் பம்பலப்பிட்டிக்கோ?"

கொன்ஸ்ரன்ஸின் மஞ்சள் முகத்தில் நிறம் மாறியது தெரிந்தது. "மகள், உங்கட அம்மா ரெண்டாம் காட்சிக்கு வந்திட்டா."

"மூண்டாம் காட்சி என்ன அன்ரி?"

அவர் தாளை மடித்தார். "மூணாவது பக்கம் எனக்கு இல்ல. அதில எனக்கு வசனம் இல்லன்னு எடுத்திட்டாங்க."

பிறகு கொன்ஸ்ரன்ஸ் வேகமாக இயங்கினார். "நோயாளி 1" என்று எழுதிய பட்டியைத் தன் கையிலிருந்து கழற்றி அம்மாவின் கையில் கட்டினார். தான் குந்தியிருந்த கட்டிலில் இருவருமாக அம்மாவைத் தூக்கிக் கிடத்தினார்கள். தர்ஷன் மூச்சுவாங்க ஓடிவந்தான்.

"மிஸ், என்ன செய்யிறீங்கள்? பாத்திரம் மாத்த ஏலாது! நிகழ்ச்சி நிரல்ல உங்கட பேர் அச்சடிச்சாச்சு!"

"அப்ப இவங்கதான் கொன்ஸ்ரன்ஸ்."

"நீங்கள் ஆர்?"

"நான் செத்துப் போயிட்டன்னு எழுதிக்கோ. தள்ளுடா தம்பி."

கட்டில் மேடைக்கு உருண்டது. விளக்கு வெளிச்சத்தில் அம்மா கண்ணைச் சுருக்கினாள். மேடையில் டொக்டர் பாத்திரத்துக்கு டொக்டர் மஸாஹிராவைப் போட்டிருந்தார்கள். குடல், ஈரல், பித்தம் பார்க்கிற நிபுணர். கொன்ஸ்ரன்ஸிடம் இருந்த தாள்களை எழுதியதும் அவர்தான். காலையிலிருந்து அந்த மேடையில் நிற்க அவருக்கு எரிச்சலாக இருந்தது முகத்தில் தெரிந்தது. கையில் தாளை வைத்து, நோயாளியைப் பாராமலே வாசித்தார்.

"வணக்கம் அம்மா, உங்களுக்கு எப்போதிலிருந்து காய்ச்சல்?"

"ரிக்கெற் எடுத்திட்டன்" என்றாள் அம்மா.

சபை சிரித்தது. முன்வரிசையில் பணிப்பாளரும் சிரித்தார். மேடையில் நின்ற நேர்ஸ் அம்மாவின் கையில் பட்டியைச் சுற்றிப் பிரஷர் பார்த்தாள். அவளுக்கும் ஒரு வரி கொடுத்திருந்தார்கள். ஆனால் அவள் இயந்திரத்தில் தெரிந்ததையே சொன்னாள்.

"எண்பத்திநாலுக்கு நாப்பத்தாறு, டொக்டர்."

"நூற்றிமுப்பதுதானே எழுதியிருக்கு" என்ற பணிப்பாளரின் முணுமுணுப்பு அவர் கோட்டுக் கழுத்தில் குத்தியிருந்த ஒலிவாங்கி வழியாக மண்டபம் முழுவதும் கேட்டது. "எழுதினதை வாசியுங்கோ, மிஸ்."

டொக்டர் மஸாஹிரா தாளிலிருந்து கண்ணை எடுத்தார். அம்மாவின் கீழிமையைப் பெருவிரலால் இழுத்துப் பார்த்தார். விரலைத் தன் கோட்டில் தேய்த்தார். விரலைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். மஞ்சள் எங்கும் ஒட்டியிருக்கவில்லை.

வலப்பக்க விலாவுக்குக் கீழே மெல்ல அழுத்தினார். அம்மா போட்ட சத்தத்தில் சிரிப்பு நின்றது.

"இது யார்?"

"என்ர அம்மா!" மிதுனா மேடை ஓரத்திலிருந்து கத்தினாள். இந்த முறை அவள் குரல் கடைசி வரிசை வரை போனது. "நடிப்பில்லை! காலமையில இருந்து மூண்டு மாடி ஏறி இறங்கினனாங்கள்! ஆருமே மூண்டையும் ஒண்டாக் கேக்கேல்லை!"

சபை எழுந்து நின்று கைதட்டியது. மகள் பாத்திரம் நிகழ்ச்சி நிரலில் இல்லையே என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். இளம் பிள்ளைகளிடம் இவ்வளவு திறமை இருக்கிறதே என்று மற்றவர் பதில் சொன்னார்.

மஸாஹிரா தாளைக் கீழே போட்டார். "சேலைன் ரெண்டு பக்கமும் ஏத்துங்க. கிருமி பாக்க ரத்தம் எடுத்திட்டு அன்ரிபயோட்டிக் குடுங்க, இப்ப, இந்த இடத்திலேயே. ஸ்கோப்பி அறையத் திறக்கச் சொல்லுங்க. குழாய் திறந்தாத்தான் இவங்க பிழைப்பாங்க."

பணிப்பாளர் மேடைக்கு ஏறினார். "டொக்டர், பிரமாதம். ஆனா இந்த இடத்தோட நிப்பாட்டுறதாத்தானே கதைச்சனாங்கள்? அடுத்தது நன்றியுரை..."

"இங்க நிப்பாட்டினா இவங்கட மூச்சும் நிக்கும் சேர். நன்றியுரைய நீங்களே சொல்லிக்கோங்க."

கட்டில் போய்விட்டது. பின்னால் நன்றியுரை தொடங்கியது.

வாய்வழியே குழாய் விட்டுக் கல் எடுக்கிற ஸ்கோப்பி அறைக்கு வெளியே இரண்டு கதிரைகளில் மிதுனாவும் கொன்ஸ்ரன்ஸும் இருந்தார்கள். கொன்ஸ்ரன்ஸ் மஞ்சளைக் கழுவவில்லை. போன ஒவ்வொரு நேர்ஸும் அவரைப் பார்த்துத் திடுக்கிட்டு, "அன்ரி, டோக்கன் எடுத்திட்டீங்களோ?" என்று கேட்டாள். மிதுனாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. "நான் நேற்றே கொண்டுவந்திருக்க வேணும். அம்மா கேஸ்ரிக் எண்டவா. நானும் நம்பினன்" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கொன்ஸ்ரன்ஸ் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். முப்பது வருடம் பாஸ்காவில் அழுதவர், அங்கே அழவில்லை.

ஒரு மணித்தியாலம் கழித்து டொக்டர் மஸாஹிரா முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு வந்தார்.

"கல்ல எடுத்தாச்சு. பின்னாலேயே சீழும் வந்திச்சு. சின்னக் குழாய் ஒண்டு வச்சீக்கேன், வடியும். பிரஷர் ஏறுது." அவர் மிதுனாவுக்கு எதிரே குந்தினார். "ஆறு மாசமா எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்த நோவு கேஸ்ரிக் இல்ல மகள், பித்தப்பையில கல். சில ஆக்களுக்குக் குழாய் சுருங்கியும் அடைபடும், கட்டி வந்தும் அடைபடும். எது அடைச்சாலும் தேங்கின பித்தத்தில கிருமி பிடிக்கும். கொஞ்ச நாள்ல பித்தப்பையையும் எடுக்கணும்."

"தப்பிடுவாவோ டொக்டர்?"

"இண்டைக்கு ராவு கவனமாப் பாக்கணும். ஆனா இப்ப என்னையப் பாத்து, ஏன் கோட்டில ஊத்தைன்னு கேட்டாங்க. அது நல்ல அடையாளம்."

மிதுனா அப்போதுதான் அழுதாள்.

மூன்றாம் நாள் அப்பா கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தார். அம்மா தலையணையில் சாய்ந்து, மிதுனாவின் தொலைபேசியில் ஆஸ்பத்திரியின் முகநூல் பக்கத்தைப் பார்த்தாள். மேடையில் கட்டிலில் தான் கிடக்கிற படம். அதற்கு மேலே எழுதியிருந்தது: "பதினொரு நிமிடத்தில் நோயைக் கண்டறிந்து சாதனை! நோயாளியாக நடித்துச் சிறப்பித்தவர் திருமதி கொன்ஸ்ரன்ஸ்."

கீழே முந்நூறு கருத்துகள். அம்மா சின்ன எழுத்தை வாசிக்கத் தொடங்கினாள். "நல்ல நடிப்பு எண்டு போட்டிருக்கினம். இஞ்ச ஒராள், மஞ்சள் கொஞ்சம் ஓவராம்."

மிதுனா தொலைபேசியைப் பறித்தாள். கோபத்தோடு எழுதினாள்: "இது நடிப்பில்லை. இவர் என் அம்மா. நடுக்கத்தோடு காய்ச்சல், வலப்பக்க விலாவுக்குக் கீழே நோ, கண் மஞ்சள் மூன்றும் சேர்ந்து வந்தால் தயவுசெய்து யாரும் காத்திருக்க வேண்டாம். மூன்றையும் ஒரே டொக்டரிடம் ஒரே மூச்சில் சொல்லுங்கள்."

ஆஸ்பத்திரி இரண்டு நிமிடத்தில் பதில் போட்டது. அந்த ஆஸ்பத்திரியில் இவ்வளவு விரைவாக நடந்த காரியம் வேறு எதுவும் இல்லை.

"என்னவாம்?" என்றாள் அம்மா.

மிதுனா வாசித்தாள். "தங்கள் கருத்துக்கு நன்றி. அடுத்த ஆண்டு விழிப்புணர்வு நாளிலும் தங்கள் தாயாரை மேடையில் காண ஆவலாக உள்ளோம்."

அம்மா சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். சட்டென்று கையை முகத்துக்குக் கொண்டுபோனாள். "போதும் பிள்ளை, சிரிப்புக் காட்டாதை. நோகுது."

மிதுனா கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். தொலைபேசி நிலத்தில் விழுந்தது. "எந்த இடம் அம்மா? வலப்பக்கமோ? குளிருதோ? கண்ணைக் காட்டுங்கோ, கண்ணைக் காட்டுங்கோ!"

"விடடி" என்றாள் அம்மா. "கன்னம்."